ஒரு கையால் திறக்கிற பை

சின்னப் பிள்ளைகளோடு பயணம் கிளம்புகிறவர்கள் யார் கேட்டாலும் நான் பட்டியல் தருவதில்லை. பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். டயப்பர், மாற்றுத்துணி, மருந்து, தின்பண்டம், பொம்மை என்று எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே பொருட்கள்தான். அதையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துவைத்த அம்மா அப்பாக்கள்தான் ஓடுகிற வண்டியில், அழுகிற பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை முழங்கை வரை பைக்குள் விட்டு, "இங்கதானே வச்சேன், இங்கதானே வச்சேன்" என்று துழாவிக்கொண்டிருப்பார்கள். பொருள் பைக்குள் பத்திரமாக இருக்கிறது, வேண்டிய நிமிஷத்தில் கைக்கு வரவில்லை. அதனால் எதை எங்கே வைப்பது, எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் பேச வேண்டும் என்று தோன்றும்.

பெரியவர்கள் மட்டும் போகும்போது வகை பார்த்து அடுக்குவோம். துணி ஒரு பக்கம், சோப்பு சீப்பு ஒரு பக்கம், சார்ஜர் ஒரு பக்கம். பிள்ளைகளோடு போகும்போது அது சரிப்பட்டு வராது, நேரம் பார்த்து அடுக்க வேண்டும். வண்டியில் இருக்கும்போதே வேண்டியவை, போய் இறங்கிய முதல் ராத்திரிக்கு வேண்டியவை, மற்றதெல்லாம். இந்த மூன்று பிரிவு போதும். டயப்பரும், துடைக்கிற ஈரத்தாளான வைப்ஸும் மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், இருக்கட்டும். டயப்பர் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் அந்த இடம் வண்டியின் டிக்கிக்குள் பெரிய சூட்கேஸின் அடியில் என்றால் அந்த ஒழுங்கால் யாருக்கு என்ன லாபம்?

அப்புறம் கை. பிள்ளையோடு போகிற யாருக்கும் இரண்டு கை கிடையாது, ஒன்று எப்போதும் பிள்ளைக்குப் போய்விடுகிறது. ஆகவே வண்டியில் கூட வைத்துக்கொள்கிற பை ஒரு கையால் திறக்கிற பையாக இருக்க வேண்டும். முடிச்சுப் போட்ட கவர் வேண்டாம், இறுக்கமான மூடி போட்ட டப்பா வேண்டாம், இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால்தான் நகர்கிற ஜிப் வேண்டாம். கிளம்புவதற்கு முன்பு சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் பையைத் திறந்து வைப்ஸை எடுத்துப் பார்ப்பேன். வந்தால் சரி. வரவில்லை என்றால் அதன் இடத்தை மாற்றுவேன். வீட்டில் நின்றுகொண்டு செய்யவே சிரமமாக இருப்பது குலுங்குகிற பஸ்ஸில் எப்படி முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு ரொம்ப முக்கியம். பெரும்பாலான வீடுகளில் பையை அடுக்குவது அம்மா. எது எங்கே இருக்கிறது என்ற கணக்கு முழுக்க அவர் தலைக்குள். போகிற வழியெல்லாம் "இவனோட சாக்ஸ் எங்க இருக்கு?", "அந்த மருந்து எந்தப் பையில?" என்ற கேள்விகள் அவரிடமே வந்துகொண்டிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை எழுந்தாலும், பக்கத்தில் இன்னொரு பெரியவர் விழித்தே இருந்தாலும், எழுந்திருப்பது அவர்தான், ஏனென்றால் பொருள் இருக்கும் இடம் அவருக்குத்தான் தெரியும். இது நியாயமே இல்லை. எங்கள் வீட்டில் நான் அடுக்கினால் கணவர் எடுத்துக் காட்ட வேண்டும், அவர் அடுக்கினால் நான். "சின்னவன் வாந்தி எடுத்துட்டான், என்ன எடுப்பீங்க?" என்று கேட்டால் அவர் கை நேராக முன் ஜிப்புக்குப் போக வேண்டும். கூட பாட்டி தாத்தா வந்தால் அவர்களுக்கும் காட்டிவிடுவோம். இதற்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. பயணம் முழுக்க ஒரே ஆள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பது அதோடு நின்றுவிடும்.

வாந்தி என்றேன் அல்லவா, அதிலிருந்தே தொடங்கலாம். வண்டியில் போகும்போது குமட்டுவது இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் அதிகம், அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு ரொம்பக் குறைவு. உள்காது 'நகர்கிறோம்' என்கிறது, கண்ணோ மடியில் இருக்கிற புத்தகத்தைப் பார்த்து 'நகரவில்லை' என்கிறது, இரண்டும் ஒத்துப்போகாததால் வருகிற தொல்லை இது. அதனால் குமட்டுகிற பிள்ளைக்கு வண்டியில் படம் பார்க்கும் புத்தகமும் போனும் தரக்கூடாது, முன்பக்கம் தூரத்தில் தெரிகிறதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்படியும் வந்துவிட்டால் நமக்குக் கிடைப்பது சில நொடிகள். அந்த நொடிகளில் கை எதை எதைத் தேடும் என்று வரிசையாக யோசித்து அதே வரிசையில் பையின் முன் ஜிப்புக்குள் வைத்திருக்கிறேன். மேலே, வாய் அகலமான கெட்டியான கவர் இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகி, வாய்ப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்து, ஓட்டை இல்லை என்று தண்ணீர் ஊற்றிப் பார்த்தது. அதற்குக் கீழே ஒரு சின்னத் துண்டு. அதற்கும் கீழே ஒரு ஜிப் கவரில் ஒரு முழு செட் உடை, சட்டைக்குள் டவுசர், டவுசருக்குள் ஜட்டி என்று ஒன்றாகச் சுருட்டியது. உடையை வெளியே எடுத்ததும் அழுக்கான துணி அதே கவருக்குள் போய் ஜிப் மூடிவிடும், நாற்றமும் அதோடு அடங்கிவிடும். இவ்வளவுதான் முன் ஜிப். வேறு எதையும் அங்கே திணிக்க நான் விடுவதில்லை. கூடவே பெரியவர்களுக்கும் ஆளுக்கு ஒரு மேல்சட்டை கைப்பையில் வேண்டும். பிள்ளை வாந்தி எடுப்பது பெரும்பாலும் தூக்கி வைத்திருப்பவர் மேல்தான், அந்தச் சட்டையோடு இன்னும் ஐந்து மணி நேரம் உட்கார முடியாது.

டயப்பர் கணக்கு எளிது. பிறந்த சில வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை ஆகும், ஒரு வயதுக்கு மேல் ஐந்து ஆறு போதும். வழியில் ஆகிற நேரத்துக்கு வேண்டியதும், வண்டி தாமதமானால் சமாளிக்க அதில் பாதியும் கையில் இருந்தால் போதும், மிச்சத்தைப் போன இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மாற்றுகிற இடம் எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். விமானத்துக் கழிவறையில் ஒரு ஆள் நிற்பதே கஷ்டம், சுவரிலிருந்து மடக்கி இறக்குகிற அந்தச் சின்னப் பலகையில் பிள்ளையைப் படுக்கவைத்த பிறகு பையை வைக்க இடமே இருக்காது. ரயிலிலும் அதே கதைதான், தரையில் எதையும் வைக்க முடியாது. அதனால் ஒரு டயப்பர், வைப்ஸ் கொஞ்சம், கீழே விரிக்க மடித்த ஷீட் ஒன்று, பழையதைப் போட ஒரு கவர், இவை மட்டும் கையகலப் பௌச்சில் தனியாக இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கொண்டு போவது, திரும்பி வந்ததும் பெரிய பையிலிருந்து மறுபடி நிரப்பிவைப்பது.

பால் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். ஃபார்முலா பாலைக் கலந்து எடுத்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்காது. கலந்த பால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, பிள்ளை வாய் வைத்த பாட்டிலென்றால் ஒரு மணி நேரம்தான். பவுடரை ஒவ்வொரு வேளைக்கும் அளந்து சின்ன டப்பாக்களில் போட்டு, கொதித்த தண்ணீரை ஃபிளாஸ்க்கில் வைத்துக்கொண்டால் வேண்டும்போது கலந்து ஆறவைத்துக் கொடுக்கலாம். பிழிந்து எடுத்த தாய்ப்பால் 25 டிகிரி வரையிலான அறைச் சூட்டில் நான்கு மணி நேரம் இருக்கும், ஐஸ் பேக் வைத்த இன்சுலேட்டட் பையில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். விமானத்தில் கைப்பையில் கொண்டு போகிற திரவங்களுக்கு 2006லிருந்து பல இடங்களில் 100 மில்லி என்ற கட்டுப்பாடு இருப்பதால் பலர் பயந்துகொண்டு பாலைக் கொண்டு போவதே இல்லை. குழந்தையின் பால், குழந்தை உணவு, மருந்து ஆகியவற்றுக்குப் பயணத்துக்குத் தேவையான அளவு பொதுவாக விலக்கு உண்டு. ஸ்கேனருக்குப் போகும் முன்பே வெளியே எடுத்துத் தனியாகக் காட்ட வேண்டும், அதனால் அதுவும் பையின் மேலாகவே இருக்க வேண்டும். ஏறின உடனே பாட்டிலைக் காலி பண்ணிவிடாமல் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். காது அடைத்துக்கொண்டு பிள்ளைகள் அலறுவது பெரும்பாலும் விமானம் இறங்கும்போதுதான், உறிஞ்சி விழுங்கினால் காதுக்கும் தொண்டைக்கும் நடுவிலிருக்கிற குழாய் திறந்து வலி குறையும். தரையைத் தொடுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். பெரிய பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டிலில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாலே சரியாகிவிடும்.

மருந்துப் பை எப்போதும் ஆளோடு வர வேண்டும், சூட்கேஸில் போகக் கூடாது. சூட்கேஸ் வழிதவறிப் போனால் துணி வாங்கிக்கொள்ளலாம், பிள்ளை வழக்கமாக எடுத்துக்கொள்கிற இன்ஹேலரை ராத்திரி நேரத்தில் தெரியாத ஊரில் தேடி அலைய முடியாது. தெர்மாமீட்டர், பிளாஸ்திரி, வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்பு-சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ், காய்ச்சலுக்கு பாராசிட்டமால் சிரப், மருந்து அளக்கிற சிரிஞ்ச். கடைசியில் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, அதாவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. வீட்டில் இருக்கிற பாட்டிலுக்குப் பழகிய அளவை, வழியில் அவசரமாக வாங்கிய வேறு பாட்டிலுக்கும் அப்படியே போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அளவு எடையைப் பொறுத்தது, ஒரு வேளைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி என்பது பொதுவான கணக்கு. உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லி, ஒரு நாளில் அதிகபட்சம் எத்தனை வேளை என்பதைக் கிளம்புவதற்கு முன்பு டாக்டரிடம் கேட்டு, கையிலிருக்கிற பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பிள்ளையின் எடை, அலர்ஜி ஏதாவது இருந்தால் அது, ஒரு சீட்டில். மூன்று மாதத்துக்கும் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் சிரப்பைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, நேராக டாக்டரிடம்தான்.

ஓஆர்எஸ் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் 2002இல் அதன் உப்பு, சர்க்கரை அளவைக் குறைத்து மாற்றியது, வயிற்றுப்போக்கு, வாந்தி குறையத்தான் அந்த மாற்றம். அந்தக் கணக்கெல்லாம் சரியான அளவு தண்ணீரில் கரைத்தால்தான். ஒரு லிட்டருக்கான பொட்டலம் உண்டு, 200 மில்லிக்கான பொட்டலமும் உண்டு. லிட்டர் பொட்டலத்தில் பாதியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் உப்பு ஏறி, பிள்ளைக்குக் கெடுதல்தான். ஆகவே பொட்டலத்தோடு அளவுக்கோடு போட்ட ஒரு பாட்டிலும் சேர்ந்தே போக வேண்டும், இரண்டையும் ஒரே ரப்பர் பேண்டால் கட்டிவைத்துவிடுவேன். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் ராத்திரிக்கான பை தனி. போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும், பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள், நமக்கும் இடுப்பு விட்டுப் போயிருக்கும். அந்த நேரத்தில் பெரிய சூட்கேஸைப் படுக்கையில் பரப்பிப்போட்டுத் தேட ஆரம்பித்தால் தூக்கம் கலைந்து, அழுகை ஆரம்பித்து, அப்புறம் யாருமே தூங்க முடியாது. இரவு உடை, பல் துலக்குகிற பிரஷ், ராத்திரிக்கான டயப்பர், கட்டிப்பிடித்துத் தூங்குகிற பொம்மை, மறுநாள் காலைக்கு ஒரு செட் உடை, இவை ஒரு சின்னப் பைக்குள் இருந்தால் பெரிய பையைக் காலையில் நிதானமாகத் திறந்துகொள்ளலாம். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது தினமும் தலைவைத்துப் படுக்கிற தலையணை உறையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போவேன். புது இடத்தில் சுவர் வேறு, வெளிச்சம் வேறு, சத்தம் வேறு, அந்த வாசனை மட்டுமாவது பழகியதாக இருக்கட்டும். ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தை படுக்குமிடத்தில் தலையணை, தளர்வான போர்வை, பொம்மை எதுவுமே இருக்கக் கூடாது, மூச்சு முட்டும் ஆபத்து உண்டு. எனவே கைக்குழந்தைக்கு இறுக்கமாகப் பொருந்துகிற விரிப்பு மட்டும் போதும். ஒட்டுகிற பேப்பர் டேப் ஒரு ரோலும் இந்தப் பையில் இருக்கும். திரைச்சீலையின் இடைவெளியில் வெளிச்சம் வந்தால் ஒட்டிவிடலாம், தொங்குகிற ஜன்னல் திரைக் கயிற்றைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் சுருட்டி ஒட்டிவிடலாம், பாட்டில்களில் பெயர் எழுதலாம்.

துணிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாதியாகக் குறையுங்கள். நாளுக்கு ஒரு செட் என்று ஒன்றாகச் சுருட்டிவைத்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுவிடலாம். நல்ல உடை ஒன்று போதும். சீக்கிரம் காய்கிற துணியாக இருந்தால் இன்னும் குறைக்கலாம்.

எதைக் குறைக்கக் கூடாது என்று கேட்டால் பதில் உண்டு: பிள்ளை மாற்றாக ஏற்றுக்கொள்ளாத எதையும். அதே ஃபார்முலா, அதே சிப்பர், அதே கரடி பொம்மை. டயப்பர் வேறு கம்பெனி என்றால் பிள்ளைக்குத் தெரியப் போவதில்லை, தண்ணீர் குடிக்கிற பாட்டிலின் வாய் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தால் நாள் முழுக்கக் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் உண்டு. இந்த வகையில் வருகிறவற்றை முழு அளவு எடுங்கள், முடிந்தால் இரண்டாக. மற்ற எல்லாவற்றிலும் கை இறுக்கமாக இருக்கலாம்.

பொம்மைகளில் ஒரு எச்சரிக்கை. பாட்டுப் பாடுகிற, விளக்கு எரிகிற சின்னப் பொம்மைகளை எடுப்பதற்கு முன்பு பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரி பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். வண்டியில் பின் சீட்டு இருட்டில் பிள்ளை எதை வாயில் போட்டது என்று நமக்குத் தெரியாது, அதனால் சந்தேகமான பொம்மை வீட்டிலேயே இருக்கட்டும். வண்டிக்கு நல்லது சத்தம் போடாத, உருண்டு ஓடாத, பல துண்டுகள் இல்லாத பொம்மை. எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிடாமல் ஒவ்வொன்றாக எடுப்பது நல்லது.

நாலு வயதானால் பிள்ளைக்கென்று ஒரு பை கொடுத்துவிடுங்கள். எங்கள் பெரியவள் தன் பையைத் தானே அடுக்கும்போது பார்க்க வேண்டும், முதலில் எல்லாவற்றையும் உள்ளே கொட்டுவாள், தூக்கிப் பார்ப்பாள், கனம் என்றால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எது வேண்டாம் என்று ரொம்ப நேரம் யோசிப்பாள். நான் குறுக்கே போவதில்லை. பையின் கனம் பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், 18 கிலோ பிள்ளைக்கு 1.8 கிலோ, தண்ணீர் பாட்டிலையும் சேர்த்து. வழியில் அந்தப் பை எப்படியும் நம் தோளுக்கு வரும், அதனால் அதன் கனம் நம் கணக்கிலும் இருக்கட்டும். பாஸ்போர்ட், மருந்து மாதிரி முக்கியமான எதுவும் அதில் வேண்டாம்.

கூட்டமான இடங்களுக்குப் போகும் காலையில் பிள்ளைகளை அன்று போட்டிருக்கிற உடையோடு ஒரு போட்டோ எடுத்துவிடுவோம். "என்ன கலர் சட்டை?" என்று யாராவது கேட்டால் பதற்றத்தில் நினைவுக்கு வராது, போட்டோ இருந்தால் காட்டிவிடலாம். போன் நம்பரை முன்கையின் உட்பக்கத்தில் பேனாவால் எழுதுவோம், இரண்டு பேருடைய நம்பரையும். பிள்ளையின் பெயரைப் பைக்கு வெளியே பெரிதாக எழுதக் கூடாது, முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிவிடும். பெயரை உள்பக்கம் எழுதுங்கள்.

பவர் பேங்க் விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது. பேட்டரியின் ஆற்றலைச் சொல்கிற வாட்-ஹவர் கணக்கில் 100 வரை தனி அனுமதி தேவையில்லை, 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது வழக்கமாக 74 வாட்-ஹவர்தான் வரும். வெளிநாடு என்றால், ஒரே பெற்றோரோடு போகிற பிள்ளைக்கு மற்றவரின் சம்மதக் கடிதத்தைச் சில நாடுகளில் கேட்பார்கள், முன்கூட்டியே விசாரித்து எழுதி வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, திரும்பி வருகிற பயணம். போகும்போது இவ்வளவு யோசித்து அடுக்குகிறவர்களும் வரும்போது எல்லாவற்றையும் வாரிப்போட்டு மூடிவிடுகிறார்கள். வருகிற வழியிலும் அதே வண்டிதான், அதே வயிறுதான், பிள்ளைகள் இன்னும் களைத்திருப்பார்கள். ஆகவே வரும் நாளுக்கான உடைகளைப் போன அன்றே ஒரு கவரில் போட்டு மூடிவிடுவேன், நடுவில் எவ்வளவு அவசரம் வந்தாலும் அதைத் திறப்பதில்லை. முன் ஜிப்பின் கவர், துண்டு, உடை மூன்றும் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மறுபடி நிரம்பியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பெரிய சூட்கேஸ் இரண்டு நாள் மூலையில் கிடந்தாலும் பரவாயில்லை, முன் ஜிப்பையும் கையகலப் பௌச்சையும் மருந்துப் பையையும் அன்றைக்கே பார்த்துத் தீர்ந்ததை எழுதிவைத்துவிடுவோம். அடுத்த முறை அதிலிருக்கிற உடையைப் போட்டுப் பார்க்காமல் கிளம்பாதீர்கள், ஆறு மாதத்தில் அந்தச் சட்டை தலைக்குள்ளேயே நுழையாது.